சனிக்கிழமை ரெண்டு சக்கரம், ஞாயிற்றுக்கிழமை நாலு சக்கரம்

"ஏண்டா, ஒண்ணு கார் ஓட்டு, இல்லாட்டி சைக்கிள் ஓட்டு. ரெண்டும் எதுக்குடா உனக்கு?"

கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்றவன் மாசத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டுடுவான். திங்கக்கிழமை முதல் பீரியட்ல நான் தூங்கி விழும்போதெல்லாம் கேப்பான்னு வெச்சுக்குங்களேன். இதுவரைக்கும் சிரிச்சு மழுப்பிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு ஒழுங்கா பதில் சொல்லிப் பாக்கறேன்.

முதல்ல ஊர். சேலத்துல இருந்து நாமக்கல் போற பஸ்ஸுல உக்காந்துட்டு, ஆண்டகளூர் கேட் தாண்டினதும் கொஞ்சம் கண்ணசந்தீங்கன்னா எங்க புதுச்சத்திரம் போயிடும். முழிச்சிருந்தீங்கன்னா கோழிப்பண்ணை தெரியும், மரவள்ளிக்காடு தெரியும், முன்னாடியும் பின்னாடியும் லாரி தெரியும். நாமக்கல்லுக்கு முட்டை ஒரு பேர்னா, லாரி பாடி கட்டறது இன்னொரு பேர். எங்க வீட்டுல ரெண்டாவது கட்சி. அப்பா 25 வருஷமா லாரி டிரைவர். மாமா பாடி கட்டற பட்டறையில வெல்டர். நான் மட்டும் பி.காம். சாயங்காலம் ஒரு கோழித்தீவனக் கடையில டேலியில கணக்கு ஏத்தற வேலை. மாசம் 6,000 ரூபாய். இந்த ஆறாயிரத்துலதான் ரெண்டு கிறுக்கும் ஓடுது.

இந்த இடத்துல கொசுவர்த்தி ஒண்ணைச் சுத்திக்குங்க.

2020. ஊரடங்கு. எனக்கு 16 வயசு. பொறந்ததுல இருந்து ராத்திரி பகல்னு ஓஞ்சு பாக்காத ஹைவே திடீர்னு அமைதியாயிடுச்சு. அப்பா வண்டி பட்டறை வாசல்ல நின்னுச்சு. கொஞ்சம் தளர்வு விட்டதும் வீட்டுல கிடந்த பழைய சைக்கிளுக்கு காத்தடிச்சு, விடியக்காலையில ரோட்டுல ஏறினேன். மொத நாள் நாமக்கல் போயிட்டு வந்தேன். போக வர இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும். ஒரு வாரம் கழிச்சு ராசிபுரம். அப்புறம் சேந்தமங்கலம் வழியா கொல்லிமலை அடிவாரம் காரவள்ளி. மேல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அன்னைக்கு மூணாவது வளைவுலயே மூச்சு வாங்கி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்தேன். ஆனா அது புடிச்சிருந்தது. ஏன்னு கேட்டா தெரியாது.

கார் கிறுக்கு மாமா பையனால வந்தது. என்னை விட நாலு வயசு மூத்தவர், நமக்கு மச்சான். அவரும் ரெண்டு பிரெண்ட்ஸும் சேர்ந்து ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கி, பட்டறையிலயே ஒவ்வொண்ணா சரி பண்ணினாங்க. நான் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற ஆள். ஒரு நாள் அதை கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு பயிற்சிக்கு எடுத்துட்டுப் போனாங்க, நானும் தொத்திக்கிட்டேன். ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வர்ற ட்ராக். மதியத்துக்கு மேல மச்சான் சாவியை என் கையில குடுத்து "நீ ஒரு அஞ்சு லேப் போயிட்டு வா மாப்ள"ன்னார். அவ்வ்வ்வ்... அங்க விழுந்தவன்தான், இன்னும் எந்திரிக்கல.

'கரி'ங்கறது எஸ். கரிவர்தன். கோயமுத்தூர்க்காரர். சாமானியமான செலவுல ரேஸ் ஓட்டணும்னு மாருதி இன்ஜினை வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சவர். 1995ல ஒரு சின்ன விமான விபத்துல போய்ச் சேர்ந்துட்டார். அதே கோயமுத்தூர்ல இருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரா போனார். அதுக்கெல்லாம் முன்னாடி, மெட்ராஸ் பக்கம் சோழவரத்துல பழைய யுத்த காலத்து விமான ஓடுதளத்துல வருஷா வருஷம் ரேஸ் நடக்கும். 1990ல இருங்காட்டுக்கோட்டையில தனி ட்ராக் வந்துச்சு. 2024 ஆகஸ்ட் கடைசியில சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்துல தெரு ரேஸே நடந்துச்சு. அதுல ஓட்டினவங்க எல்லாம் வேற உலகம். நான் மாசத்துக்கு ஒரு நாள், நாலு பேர் பங்கு போட்ட காரை, கடிகாரத்தோட போட்டி போட்டு ஓட்டறவன். அவ்வளவுதான்.

சரி, வணிகவியல் மாணவன் கணக்கு காட்டாம இருந்தா எப்படி?

ட்ராக் நாள் ஒண்ணுக்கு என் பங்கு: கட்டணம், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 கிட்ட. டயர், பிரேக் தேய்மானத்துக்கு மாசம் 1,000 எடுத்து வெக்கணும். (தேய்மானம்னா என்னன்னு எனக்கு புக்கு சொல்லித் தரல, பிரேக் பேடுதான் சொல்லித் தந்துச்சு.) மீதி 2,000. அதுல சைக்கிளுக்கு ட்யூப், செயின் ஆயில், வழியில வாழைப்பழம், டீ, கடலைமிட்டாய். சைக்கிள் செகண்ட் ஹேண்ட்ல 14,000க்கு வாங்கினது. அதுக்கு மட்டும் அம்மா சீட்டுப் பணத்துல இருந்து குடுத்தாங்க. செமஸ்டர் மாசத்துல ரெண்டும் லீவு.

பணத்தை விட பெரிய பற்றாக்குறை ஞாயிற்றுக்கிழமை. மாசத்துக்கு நாலுதான் வருது. கோயமுத்தூர் போக நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல, வர அதே அளவு. ட்ராக் நாள்னா விடியக்காலம் 4 மணிக்குக் கிளம்பி ராத்திரி வந்து விழணும். முந்தின நாள் நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சிருந்தா கால் கிளட்ச்சை அமுக்க மாட்டேங்குது. இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் நஷ்டம். வாய்ப்புச் செலவுன்னு எகனாமிக்ஸ் சார் நடத்தினது எனக்குப் புரிஞ்சது இப்படித்தான்.

ஆனா இது ரெண்டும் எதிர் எதிர் கட்சின்னு நினைச்சுக்காதீங்க. தோண்டிப் பாத்தா ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க. 1891ல பாரிஸ்ல 'லெ பெட்டி ஜூர்னால்' பத்திரிகையில இருந்த பியேர் ஜிஃபார்ங்கறவர் பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போயி திரும்பி பாரிஸ் வர்ற 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் வெச்சார். சார்ல் தெர்ரோன்னு ஒருத்தர் மூணு நாளுக்குள்ள, தூங்காம, வந்து ஜெயிச்சார். அதே ஜிஃபார்தான் மூணு வருஷம் கழிச்சு, 1894 ஜூலையில, பாரிஸ் டு ரூவான் 126 கிலோமீட்டர் மோட்டார் வண்டிப் போட்டி வெச்சார். உலகத்தோட முதல் மோட்டார் போட்டின்னு அதைத்தான் பொதுவா சொல்றாங்க. அதுல முதல்ல வந்து சேர்ந்த நீராவி வண்டியோட சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர் கிட்ட! நம்ம சைக்கிள் வேகம் சாமி அது. :-)

இன்னைக்கும் கார் பந்தயக்காரங்க நிறையப் பேர் உடம்பைத் தேத்தறதுக்கு சைக்கிள்தான் மிதிக்கறாங்க. கொதிக்கிற கார்க்குள்ள மணிக்கணக்கா இதயம் தடதடன்னு அடிக்கும்போது தாங்கணுமே. ஆனா ஒண்ணு கவனிங்க. 2008ல மார்க் வெப்பர் டாஸ்மேனியாவுல சைக்கிள் ஓட்டும்போது கார் மோதி கால் முறிஞ்சுது. 2021ல பெர்னாண்டோ அலோன்சோவுக்கு சுவிட்சர்லாந்துல சைக்கிள்ல போகும்போது கார் மோதி தாடை எலும்பு உடைஞ்சுது. முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல ஓட்டறவங்க ரெண்டு பேருக்கும் அடி பட்டது சாதாரண ரோட்டுல, சைக்கிள்ல இருக்கும்போது.

இதை நான் வீட்டுல சொன்னப்ப அப்பா ஆச்சரியப்படவே இல்ல. "பந்தய ரோட்டுல எல்லா வண்டியும் ஒரே பக்கம் போகுது. ஆடு இல்ல, மாடு இல்ல, தண்ணி போட்டவன் இல்ல. கொடி காட்டறதுக்கு ஆள் நிக்குது. அங்க நீ போறதுக்கு எனக்குப் பயமில்ல சாமி. சைக்கிளை எடுத்துட்டு ராத்திரியில ஹைவேயில ஏறுறேங்கற பாரு, அதுக்குத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அப்பா சொன்னது நெசம். ட்ராக்குல மஞ்சள் கொடி ஆடினா முன்னால ஆபத்து, முந்தக்கூடாது. நீலக் கொடின்னா பின்னால வேகமான வண்டி வருது, வழி விடணும். சிவப்புன்னா நிறுத்து. நம்ம ரோட்டுல எந்தக் கொடியும் கிடையாது.

இனிமே சொல்லப் போறதை இதுவரைக்கும் வீட்டுல கூட முழுசா சொல்லல.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ட்ராக்குல அன்னைக்கு எனக்கு நல்ல நாள். என்னோட பழைய நேரத்தை விட ஒன்றரை செகண்ட் குறைச்சிருந்தேன். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். சங்ககிரி வந்து, திருச்செங்கோடு தாண்டி, வையப்பமலை ரோட்டுல வந்துட்டிருக்கோம். பொழுது சாஞ்சு, லைட் போட்டும் போடாத மாதிரி இருக்கற நேரம். மச்சான் பக்கத்து சீட்டுல தூங்கிட்டாரு. உடம்புதான் ரோட்டுல இருக்கு, மனசு இன்னும் ட்ராக்கை விட்டு வரல. ஒரு வளைவு. ட்ராக்குல எப்படி உள்பக்கத்தை ஒட்டி வெட்டி எடுப்போமோ, அப்படியே வெட்டினேன். அதாவது எதிர்ப்பக்கத்துல ஏறினேன்.

அங்க ஒரு சைக்கிள். ரெண்டு பக்கமும் பால் கேன். லைட் இல்ல. வேட்டி கட்டின ஒரு பெரியவர்.

பிரேக்கை மிதிச்சேன். பட்டறையில நல்லாப் பாத்து வெச்ச பிரேக், நின்னுடுச்சு. பம்பருக்கும் அவர் முன் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற இடம்தான் இருந்துச்சு. அவர் விழல. ஒரு காலை ஊணி நின்னாரு. நான் கீழ இறங்கிட்டேன், ஆனா வாயில வார்த்தை வரல. திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இப்பத் தோணுது.

"மெல்லப் போ கண்ணு. ஊட்டுல ஆளுக பாத்துக்கிட்டு இருப்பாங்க"ன்னு சொல்லிட்டு, கேனை ஒரு தட்டு தட்டி நேராக்கிட்டு, மிதிச்சுப் போயிட்டாரு.

அவ்வளவுதான். பத்திரிகையில வராத சம்பவம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. மச்சான் "என்னடா, நாயா?"ன்னு கேட்டுட்டு மறுபடி தூங்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி நோட்டுல கணக்குப் போட்டேன். 90ல போனா ஒரு செகண்டுக்கு 25 மீட்டர். கண்ணு பாத்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஏறக்குறைய அந்த ஒரு செகண்டு போயிடும். அதுக்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்கும். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்காகும். சைக்கிள்ல நான் போறது 25 கிலோமீட்டர் வேகம், செகண்டுக்கு ஏழு மீட்டர். பன்னெண்டாவதுல பிசிக்ஸ் படிக்காதவனுக்கே இது தெரியும்போது, கையில ஸ்டியரிங் இருக்கும்போது ஏன் தெரியல?

ஏன்னா அதே ரோட்டுல, அதே மாதிரி பொழுது சாயற நேரத்துல, நான் எத்தனையோ தடவை சைக்கிள்ல போயிருக்கேன். எதிர்ல வளைவை வெட்டி வர்ற காரைப் பாத்து, வாயில வந்ததைச் சொல்லித் திட்டியிருக்கேன். அந்தக் கார்க்காரன் யாருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு மாசம் ட்ராக் பக்கம் போகல. மச்சான் கூப்பிட்டப்பெல்லாம் அசைன்மென்ட்டுன்னு பொய் சொன்னேன். காரையே விட்டுடலாமான்னு கூட யோசிச்சேன். அந்த நேரத்துலதான் 300 கிலோமீட்டர் பிரெவேவுக்குப் பேர் குடுத்தேன்.

பிரெவேன்னா தெரியாதவங்களுக்கு: இது பந்தயமில்ல. பாரிஸ்ல இருக்கற ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிப்படி உலகம் பூரா நடக்குது, நம்ம ஊர்ப் பக்கமும் நடக்குது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துல முடிக்கணும், 300ஐ 20 மணி நேரத்துல, 400ஐ 27ல, 600ஐ 40ல. ஒரே வருஷத்துல நாலையும் முடிச்சா 'சூப்பர் ராந்தோன்னர்'னு பட்டம். வழியில செக்பாயின்ட்ல அட்டையில குறிச்சுக்கணும். ரொம்ப வேகமா வந்தாலும் பிரயோஜனம் இல்ல, செக்பாயின்ட் திறந்திருக்காது. முதல் இடம், ரெண்டாம் இடம் எதுவும் கிடையாது. பஞ்சர் ஆனா நீங்களே ஒட்டணும். சொந்த வண்டி பின்னாலயே வரக்கூடாது, உதவி எல்லாம் செக்பாயின்ட்ல மட்டும்தான்.

கடைசி விதியைக் கேட்டதும் அப்பா முகம் மாறிடுச்சு. ராத்திரி பூரா பின்னாடியே ஒரு காரை மெல்ல ஓட்டிட்டு வர்றதா ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருந்தார் மனுஷன். ஒண்ணும் பேசல. எந்திரிச்சு வெளிய போயிட்டார்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் காலேஜ் விட்டு வந்து பாக்கறேன், சைக்கிள் ஒரு மாதிரியா இருக்கு. லாரி மேல ஒட்டுவாங்களே, லைட் பட்டா பளபளன்னு மின்னற டேப்பு, அதைப் பட்டறையில இருந்து வாங்கிட்டு வந்து வெட்டி வெட்டி ஒட்டியிருக்காரு. முன்னால வெள்ளை, பக்கத்துல மஞ்சள், பின்னால சிவப்பு. லாரிக்கு என்ன முறையோ அதே முறை. மட்கார்டு, பெடல், சீட்டுக்கு அடியில, ஹெல்மெட் பின்னாடின்னு ஒரு இடம் விடல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா 'ஒலி எழுப்பவும்'னு பின்னாடி எழுதியிருப்பாரு.

"இப்படி இருந்தா எந்த டிரைவருக்கும் அரை பர்லாங்குக்கு முன்னாடியே தெரியும்"னு மட்டும் சொன்னாரு.

கோயமுத்தூர்ல காலையில 6 மணிக்குக் கிளம்பி, சேலம் ஹைவேயில சங்ககிரி தாண்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பற ரூட். பகல் வெயில்ல தலை சுத்துச்சு. திரும்பும்போது பெருந்துறைக்கு முன்னாடி ஒரு பஞ்சர், டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ட்யூப் மாத்தினேன். அதுக்கு மேல தனியாத்தான் போனேன். பின்னால லாரி வரும் சத்தம் கேட்டா முதுகு தானா விறைக்கும். அப்ப ஒண்ணு கவனிச்சேன். தூரத்துலயே லைட் என் மேல பட்டதும் சைக்கிள் பூரா மின்னும். உடனே பின்னால இருக்கற லாரி மெல்ல வலது பக்கம் விலகி, ஒரு முழு லேனை எனக்கு விட்டுட்டுப் போகும். ஒரு டிரைவர் சின்னதா ஒரு ஹார்ன் குடுத்துட்டுப் போனார். மிரட்டற ஹார்ன் இல்ல. வீட்டுல இருந்து கூப்பிடற மாதிரி ஒண்ணு.

அப்பதான் வையப்பமலை ரோட்டுப் பால்காரர் ஞாபகம் வந்தார். அவர் சைக்கிள்ல டேப்பு ஒட்ட ஆள் இல்ல. அவரைப் பாக்க வேண்டியவன் நான்தான், என் கண்ணு அன்னைக்கு ரோட்டுல இல்ல.

அவிநாசியில டீ குடிச்சிட்டு, 19 மணி 10 நிமிஷத்துல முடிச்சேன். 50 நிமிஷம் மிச்சம். லாபம்னு எழுதிக்கலாம்.

அதுக்கப்புறம் ட்ராக்குக்கும் திரும்பப் போனேன். விடல. ஆனா ஒரு விதி வெச்சிருக்கேன். ட்ராக்குல ஓட்டின அன்னைக்கு திரும்பி வரும்போது ஸ்டியரிங் என் கையில இல்ல. பட்டறை டிரைவர் அண்ணன் ஒருத்தர் கூட வர்றார், அவருக்கு சாப்பாடு எங்க செலவு. மச்சானும் இப்ப ஒத்துக்கிட்டாரு, காரணம் முழுசா சொல்லாமலேயே. மாசத்துக்கு ஒரு ஞாயிறு கார், ரெண்டு ஞாயிறு சைக்கிள், ஒண்ணு வீட்டுக்கு. அந்த ஒண்ணுல அம்மா சொல்ற வேலை எல்லாம் செய்யணும்.

பக்கத்து சீட்டு நண்பா, உன் கேள்விக்கு பதில் இதுதான். கார் எனக்கு வேகம்னா என்னன்னு சொல்லித் தந்துச்சு. அந்த வேகம் எதிர்ல நிக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு சைக்கிள் சொல்லித் தந்துச்சு. ஒண்ணை மட்டும் வெச்சிருந்தா நான் பாதிதான் கத்துக்கிட்டிருப்பேன்.

300 முடிச்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு அப்பா திண்ணையில உக்காந்திருந்தாரு. தூங்கினாரான்னு நான் கேக்கல.

"எத்தனாவதா வந்த?"

"அதுல அப்படியெல்லாம் இல்லீங்கப்பா. நேரத்துக்குள்ள பத்திரமா வந்து சேர்ந்தா போதும்."

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "நான் இருவத்தஞ்சு வருஷமா அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்"னு சொல்லிட்டு, சைக்கிளைச் சுத்தி வந்து டேப்பு எங்கயாவது பிஞ்சிருக்கான்னு பாக்க ஆரம்பிச்சாரு.

பி.கு.: அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பரிட்சை. கார், சைக்கிள் ரெண்டும் மூடி வெச்சாச்சு. எனக்காக வேண்டிக்குங்க மக்களே.